மைலுக்கு நூறு ஓடு

ஒரு மனிதரின் முகத்தை ஐந்து மணி நேரம் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் கணவர் முகத்தைக்கூட அப்படிப் பார்த்தது கிடையாது. அந்த மனிதர் ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் போன ஜீப்பின் பின்பக்கத்தில், தண்ணீர்ப் பானையைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அவரைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி வரைக்கும் இருபத்தெட்டு மைல்.

பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

தருமபுரி தனி மாவட்டம் ஆன புதிது அது. பென்னாகரத்தில் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்திய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. வேலையும் நிரந்தரம் ஆகவில்லை. அவர் அங்கே அட்டெண்டர். வகுப்பறைகளைத் திறப்பது, மணி அடிப்பது, வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவது அவர் வேலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. காக்கி அரைக்கால் சட்டைக்குக் கீழே கால்கள் மட்டும் வேறு யாருடையவோபோல முறுக்கேறி இருக்கும்.

நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு நாள், மணி ஐந்து நிமிஷம் பிந்தி அடித்துவிட்டது என்று ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நிற்க வைத்து அவரைத் திட்டினார். “தூங்கிட்டியாய்யா?” என்றார். அவர், “ஆமாங்க” என்றார். தூங்கவே இல்லை. ஆபீஸ் கடிகாரம்தான் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு நானே பார்த்திருந்தேன். பிறகு பதிவேடு கொண்டுவந்தபோது கேட்டேன்.

“கடிகாரம் சரியில்லன்னு சொல்லியிருக்கலாமே?”

“சொல்லலாங்க டீச்சர். அந்தக் கடிகாரம் அவரே பெங்களூர்ல இருந்து வாங்கியாந்தது. சொன்னா மொகம் சுருங்கிடுங்க.”

இந்த ‘மொகம் சுருங்கிடுங்க’ என்பதை அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எதிரில் நிற்பவர் முகம் சுருங்குவதை அவரால் தாங்க முடியாது. அதற்காக எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டிவிடுவார். அவர் மனைவி கன்னடம் கலந்து பேசுகிற, எல்லைப் பக்கத்துப் பெண். ஒரு தடவை அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னாள்: “இவருக்கு வாயில ‘இல்ல’ங்கற சொல்லே பொறக்கலீங்க. சந்தைக்கு அனுப்புனா, யாரு கூப்பிட்டு நீட்டுனாலும் வாங்கியாந்துடுவாரு. அழுகுன தக்காளிகூட.” அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. காட்டோரக் கிராமத்திலிருந்து நாலு மைல் தினமும் ஓடித்தான் பள்ளிக்கு வருவார். யாரோ சொல்லி மாவட்டப் போட்டிக்குப் போய் ஜெயித்தார். பிறகு மெட்ராஸுக்குப் போனார். அங்கே பத்தாயிரம் மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பேப்பரில் தபால்தலை அளவுக்குப் படம் வந்தது. திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டில் மாலையோடு கூட்டம். கடைத்தெருவில் வாலிபர்கள் ஒரு போர்டு எழுதிக் கட்டியிருந்தார்கள்: ‘மதராஸில் முதற்பரிசு வென்ற எங்கள் பென்னாகரத்து வேங்கை.’

“ரெண்டாவதுதானே வந்தீங்க?” என்று கேட்டேன்.

“ஆமாங்க.”

“அப்ப அந்த போர்டு?”

“பசங்க ஆசையா எழுதிட்டாங்க டீச்சர்.” போகத் திரும்பியவர் நின்றார். “அழிக்கச் சொன்னா நல்லாருக்குங்களா?”

அந்தப் போர்டு வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தது. மழையில் பெயிண்ட் கரைந்தபோது திரும்பவும் எழுதினார்கள். முடிவெட்டும் கடையில் அவர் படம் சாமி படங்களோடு மாட்டியிருந்தது. வாலிபர்கள் கையில் மஞ்சள் துணிப் பட்டை கட்டிக்கொண்டு தங்களை வேங்கை மன்றம் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் மணியடிக்கக் கை ஓங்குவதை ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொங்கிப் பார்ப்பார்கள்.

தருமபுரிக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்தியது. தலைமைச் சகோதரியை எல்லாரும் மதர் என்போம். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா விவசாயி. சின்ன வயதிலிருந்தே மதரை எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஓலைக் கொட்டகையில் கிடந்தார்கள். ஓடு வேய்ந்த வார்டு ஒன்று கட்ட வேண்டும் என்று மதர் நாலைந்து வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வந்து, ஓடத் தெரிந்தவர் ஓடட்டும், அவர் ஓடுகிற மைலுக்கு இவ்வளவு என்று ஊரார் கொடுக்கட்டும் என்றார். கால் இல்லாத பிள்ளைகளுக்காகக் கால் உள்ளவர் ஓடுவது. எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது.

பள்ளியின் செயலாளர் ஓட்டுச் சூளை வைத்திருந்தவர். அவரைச் சூளை முதலாளி என்போம். இந்த ஓட்டத்துக்குப் போட்ட கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். முதல் ஆளாக எழுந்து, “மைலுக்கு நூறு ஓடு நான் தர்றேன்” என்றார். ஒருவர் மூங்கில் சொன்னார், ஒருவர் சுண்ணாம்பு. கடைசியில், சந்தையில் கீரை விற்கும் ஒரு கிழவி வந்து, மைலுக்கு ஒரு படி கேழ்வரகு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதையும் எழுதிக்கொண்டேன். கமிட்டியில் எழுதுகிற வேலை என்னுடையது.

அவரிடம் யாரும் சம்மதம் கேட்ட ஞாபகம் இல்லை. சூளை முதலாளி, “என்னப்பா, ஓடிடுவியில்ல?” என்றார். “ஆமாங்க” என்றார் அவர்.

முதல் வருஷம் ஓடினார். முன்னால் ஒரு சைக்கிள்காரன் மட்டும் போனான். அந்த வருஷத்து ஓடுகள் வந்து, வார்டின் பாதிக்கூரை நின்றது. இரண்டாம் வருஷம்தான் சூளை முதலாளி ஜீப் கொடுத்தார். டிரைவருக்குப் பக்கத்தில் மைக் வைத்துக்கொண்டு மன்றத்துப் பையன் ஒருவன். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி. பின்னால் நான், அவரைப் பார்த்தபடி.

தை மாதக் கடைசி. அருவியிலிருந்து விடியக்காலையில் கிளம்பினோம். காட்டு ரோட்டில் பனி இருந்தது. மேட்டில் ஏறும்போதும் அவர் மூச்சு மாறவில்லை. பென்னாகரத்தில் மாலை போட்டார்கள். கழற்றினால் போட்டவர் என்ன நினைப்பாரோ என்று அரை மைல் தூரம் மாலையோடு ஓடினார். நான்தான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு மைல் கல்லிலும் ஜீப் மெதுவாகும். நான் லோட்டாவில் தண்ணீர் நீட்டுவேன். ஓடிக்கொண்டே குடித்துவிட்டு லோட்டாவைத் திருப்பித் தருவார்.

இண்டூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் நல்ல கூட்டம். மைக் பையன் உற்சாகத்தில், “ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம ஓடி வர்றாரு நம்ம வேங்கை!” என்று கத்தினான். அப்போது நான் லோட்டாவை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் கை பாதி வந்து நின்றது. ஜனங்களைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

“குடிங்க, யாரும் பாக்கல” என்றேன்.

“சொல்லிட்டாங்களேங்க” என்றார்.

அதற்குப் பிறகு தருமபுரி வரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. உதடு வெள்ளையாகிவிட்டது. கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே விழுந்துவிடுவாரோ என்று பார்வையை எடுக்க முடியவில்லை. விழவில்லை. இருபத்தெட்டாவது மைலில், இல்லத்து வாசலில், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். அவர் அவர்களுக்கு நடுவில் மெல்ல உட்கார்ந்தார். அந்த ஓட்டத்தை ஓர் அடி விடாமல் பார்த்தது நான் ஒருத்திதான். இதை நான் எழுதிவிட வேண்டும்.

மூன்றாம் வருஷம் துணிக்கடைக்காரர் ஒருவர் பெங்களூரிலிருந்து வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்து பரிசளித்தார். அதுவரை அவர் வெறுங்காலோடுதான் ஓடினார். ஷூ ஒரு அளவு சின்னது. “சரியா இருக்குதாப்பா?” என்று கடைக்காரர் கேட்க, இவர், “அளவெடுத்தாப்ல இருக்குதுங்க” என்றார். அந்த வருஷம் ஜீப் பழுதாகி ஒகேனக்கல் வரை வரவில்லை. பென்னாகரத்திலிருந்து சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. காட்டு ரோட்டில் அவர் தனியாக ஓடினார்.

சொன்ன நேரத்துக்குப் பென்னாகரம் வந்து சேர்ந்தார். ஷூவில் விரல் பக்கம் சிவந்திருந்தது. மிச்சத்தை ஓடி முடித்தார். வார்டுக்கு ஓடு வந்துவிட்டது, முன் வராந்தாவுக்கும் சேர்த்து.

நாலு மாதம் கழித்து விஷயம் வெளியே வந்தது. வெளியே கொண்டுவந்தவன் விரோதி இல்லை. மூங்கில் ஏற்றும் லாரி டிரைவர் ஒருவன். கண்ணாடியில் அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தவன். டீக்கடையில் உட்கார்ந்து, தன் லாரியில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இடத்தில் எப்போதும் ஒரு துண்டு விரித்திருப்பதன் காரணத்தைச் சொல்லியிருக்கிறான். “அது வேங்கை உக்காந்த எடம். வேற யாரையும் உக்கார வுடமாட்டேன்.” எப்போது உட்கார்ந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டான். காட்டுக்குள் அவர் நொண்டிக்கொண்டு வந்ததையும், தான் நிறுத்தி, “ஏறுங்கண்ணே, யாரு பாக்கறா” என்று கையைப் பிடித்து ஏற்றியதையும், ஊருக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் இறக்கிவிட்டதையும். நாலு மைல்.

அவனை அங்கேயே அடித்தார்கள். மறுநாள் முகம் வீங்கிப்போய் அவன் பள்ளிக்கு வந்தான். மணிக்குக் கீழே நின்று அழுதான். “பெருமைக்குத்தாண்ணே சொன்னேன். சத்தியமா பெருமைக்குத்தாண்ணே.”

“பரவால்லப்பா” என்றார் அவர். “டீ குடிச்சியா?”

போர்டை வாலிபர்கள் இறக்கி விறகாக்கினார்கள். முடிவெட்டும் கடையில் படம் இருந்த இடம் சதுரமாக வெளுப்பாகத் தெரிந்தது. மஞ்சள் பட்டைகளை வாய்க்காலில் போட்டதாகச் சொன்னார்கள். அவர் மணியடிக்கும்போது பையன்கள் “பாம் பாம்” என்று லாரி ஹாரன் மாதிரி கத்தினார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் ஒருவனைப் பெஞ்சு மேல் ஏற்றினேன். அவன் என்னிடம், “டீச்சர், எங்கப்பா மைலுக்கு ரெண்டு மூங்கில் குடுத்தாரு” என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இறங்கச் சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போலப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

கமிட்டி ஒரு சாயங்காலம் பத்தாம் வகுப்பு அறையில் கூடியது. சூளை முதலாளி, ஹெட்மாஸ்டர், துணிக்கடைக்காரர், இன்னும் ஏழெட்டுப் பேர். மதர் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். நான் இரண்டாவது பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

“லாரியில ஏறுனியா?” என்று சூளை முதலாளி கேட்டார்.

“ஆமாங்க.”

“எதுக்கு ஏறுன?”

அவர் துணிக்கடைக்காரரைப் பார்த்தார். ஷூவைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “கூப்பிட்டாருங்க, ஏறிட்டேன்” என்றார்.

சூளை முதலாளி நல்ல மனிதர். அன்றைக்கு அவர் கோபமாகக்கூட இல்லை. சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல இருந்தார். “என் பேரப்பிள்ளைக்கு உன் பேர வெக்கச் சொன்னேன்டா நான்” என்றார். பிறகு கேட்டார்: “மொத வருசமும் இப்பிடித்தானா?”

அறையில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. ஏமாந்தவர்கள் முழுசாக ஏமாந்திருக்க வேண்டும்போல இருந்தது.

“ஆமாங்க” என்றார்.

“போன வருசமும்?”

நான் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

“ஆமாங்க.”

“ஜீப்பு போச்சே முன்னாடி?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“ஜீப்பு முன்னாடி போச்சு. பின்னாடி யாரு பாத்தா?” என்றார் துணிக்கடைக்காரர்.

நான் பார்த்தேன். சொல்ல வேண்டியது இந்த இரண்டு வார்த்தைதான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். முழுக்கவுமா பார்த்தீர்கள் டீச்சர், ஐந்து மணி நேரமும், கண்ணை எடுக்காமலா? பத்து ஆண்கள் இருந்த அறையில், கல்யாணமாகாத நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்த மாதம் என் வேலை நிரந்தரம் ஆவதற்கான காகிதம் சூளை முதலாளி மேஜையில் இருந்தது. இவையெல்லாம் இப்போது யோசித்து எழுதுகிறேன். அப்போது எதுவும் தோன்றவில்லை. அவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் யார் என்று ஒரு நினைப்பு மட்டும் ஓடியது. ‘மூன்று வருடமும் லாரியில் சென்றதாக ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினேன். எழுத்து கோணவில்லை. என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும்.

ஹெட்மாஸ்டர் ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி நீட்டினார். அவர் அதை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் வந்து எல்லா அறைகளையும் திறந்துவிட்டு, சாவிக்கொத்தை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முதல் மணி அடிக்க ஆள் இல்லை. நானே அடித்தேன்.

அடுத்த வாரம் சூளை முதலாளி இரண்டு வண்டிகளை இல்லத்துக்கு அனுப்பினார். அவரும் கூடவே வந்தார். ஓட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பொய்க்கு நான் ஓடு தரவில்லை என்றார். காய்ச்சல் தேறி மெலிந்திருந்த மதரோடு நானும் நின்றிருந்தேன்.

“எடுத்துக்கோங்க” என்றார் மதர். “உள்ள பிள்ளைங்க படுத்திருக்காங்க. தூசி விழும். முதல்ல அவங்கள வெளிய தூக்கிட்டு வரணும். இருபத்திரண்டு பேர். உங்க ஆளுங்களும் ஒரு கை குடுங்க.”

சூளை முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். வண்டிக்காரர்களிடம், “வராந்தா ஓட்டை மட்டும் எறக்குங்கடா” என்றார். இறக்கினார்கள். லாரியில் போன நாலு மைலுக்கு நானூறு ஓடு இருந்ததா என்று அவர் எண்ணவில்லை. வண்டிகள் போன பிறகு மதர் என்னைக் கேட்டார்: “மூணு வருஷமும்னு சொன்னாராமே. நீதானே ஜீப்புல இருந்த. அப்படியா?”

“அவரே ஒத்துக்கிட்டாரு மதர்” என்றேன்.

மதர் என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் வழக்கம்போலத்தான் பேசினார். ஆனால் இல்லத்துக்கு வா என்று அவராகக் கூப்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் ஓட்டம் நடக்கவில்லை. பெரியவர்கள் யாரும் எதுவும் அனுப்பவில்லை. கீரைக் கிழவி மட்டும் தை கடைசியில் பஸ்ஸில் கேழ்வரகு மூட்டையைப் போட்டுக்கொண்டு இல்லத்து வாசலில் வந்து இறங்கினாள். இந்த வருஷம் யாரும் ஓடவில்லையே ஆயா என்றேன்.

“அவன் ஓடுனா என்னா, லாரியில போனா என்னா? புள்ளைங்க கஞ்சி குடிக்கோணுமா வேண்டாமா?” என்றாள். பிறகு, “அவன் வூட்டுக்கும் ஒரு படி போட்டுட்டுத்தான் வந்தேன். அந்தப் பொண்ணு வாங்கவே மாட்டேன்னா” என்றாள்.

என் வேலை நிரந்தரமானது. கல்யாணமானது. எழுபதுகளின் நடுவில் அங்கிருந்து விலகி நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் போனேன். இந்த இடைப்பட்ட வருஷங்களில் அவரைப் பற்றி யாராவது பேசினால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருவர் அவர் ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளுவதாகச் சொன்னார். ஒருவர் பெங்களூரில் என்றார். போகப்போகப் பேச்சே நின்றுவிட்டது. லாரிக்காரன் ஊரை விட்டுப் போனான். சூளை முதலாளி இறந்தபோது போயிருந்தேன். அங்கே வேங்கை என்ற பேரை யாரும் எடுக்கவில்லை.

ஒரு ஜூன் மாதம், பிள்ளைகளைச் சேர்க்கிற வாரம், என் அறைக்கு வெளியே வரிசையில் அவர் நின்றிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. வேட்டி கட்டியிருந்ததால் கால்கள் தெரியவில்லை. பக்கத்தில் பத்து, பதினொரு வயதில் ஒரு பெண். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். “டீச்சருங்களா” என்றார். ஆச்சரியப்படவில்லை.

ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றார். மாந்தோப்பு ஒன்றில் காவலுக்கு இருப்பதாகவும், குடும்பத்தோடு அங்கேயே குடிசையில் தங்கியிருப்பதாகவும் சொன்னார். படிவத்தை நானே எழுதினேன். தந்தை தொழில் என்ற இடத்தில் ‘காவல்’ என்று எழுதினேன். பெண்ணை வகுப்பைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். அவள் நடந்துதான் போனாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அந்த ரெண்டாவது வருஷம் நீங்க முழுக்க ஓடுனீங்க” என்றேன். “நான் பாத்தேன்.”

“தெரியுங்க” என்றார். “நீங்க பாத்துட்டே வந்தீங்க. அந்தக் கடைசி ஆறு மைலு, நீங்க பாத்துட்டு இருந்ததாலதாங்க வுழாம வந்தேன்.”

“பின்ன ஏங்க அன்னிக்கு அப்பிடிச் சொன்னீங்க?”

“அவங்க எல்லாம் மனசு ஒடஞ்சு உக்காந்திருந்தாங்க. நான் ஏறுனது நெசம். அதுக்கப்பறம் ஒரு வருசமா, மூணு வருசமான்னு பேரம் பேசறதா இருந்துச்சுங்க எனக்கு.”

வெளியே யாரோ அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் சொல்லியிருக்கணும்” என்றேன்.

அவர் பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். டீ குடித்தீர்களா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருஷமும் அவரை எங்காவது பார்த்துவிட்டால் அவர் அதைத்தான் சொல்வார் என்று எனக்குள் ஒரு தைரியம் இருந்திருக்கிறது. அப்போதுதான் அது தெரிந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “சொல்லியிருக்கலாங்க” என்றார். “ஒரு வருசமாவது நெசம்னு தெரிஞ்சிருந்தா வேலையில இருந்து எடுத்திருக்க மாட்டாங்க. இவளுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. அந்த வருசந்தான் காய்ச்சல்ல போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள.”

குரலில் ஒன்றும் இல்லை. குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

நான் மேஜை மேலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்து, மையில் அழுத்தி, சேர்க்கைச் சீட்டில் குத்தினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி, மை காயும்வரை கையில் பிடித்திருந்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெண் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

“மத்தியானச் சோத்துக்கு நாளையில இருந்தே தட்டு கொண்டாரணுங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

“கொண்டுவரணும்” என்றேன்.